வாகனப் பாதுகாப்புத் தொழில்நுட்பம் எத்தனை உயிர்களைக் காக்கும்? கணிப்புகளைப் படித்தறிய ஒரு பாடம்

புதிய கார் விளம்பரங்களிலும், அரசு அறிக்கைகளிலும், வீதித் திட்டங்கள் பற்றிய கருத்துக்கேட்புப் படிவங்களிலும் ஒரே வகையான வாக்கியத்தை நாம் அடிக்கடி காண்கிறோம்: “இத்தொழில்நுட்பம் விபத்துகளை இத்தனை விழுக்காடு குறைக்கும்.” நடக்காத ஒன்றை எண்ணிச் சொல்லும் வாக்கியம் இது. எதிர்காலத்தில் எவர் அடிபடமாட்டார் என்பதை இன்றே எவ்வாறு கணக்கிடுகின்றனர்? அக்கணக்கை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்?

இப்பாடம் அவ்வினாக்களுக்கு விடை தர முயல்கிறது. இதனைப் படித்து முடித்தபின், ஒரு விழுக்காட்டைக் கண்டதும் எந்த ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உயர்நிலைப் பள்ளிக் கணிதத்துக்கு மேற்பட்ட அறிவு எதுவும் தேவையில்லை. கணக்குகளைத் தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டு படிப்பது நன்று.

யாருடைய பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

அப்டன் பார்க் நிலையத்திலிருந்து வெளியே வருபவர் முதலில் காண்பது கிரீன் ஸ்ட்ரீட்டின் நெரிசலைத்தான். குவீன்ஸ் மார்க்கெட்டுக்குச் செல்வோர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோர், பேருந்துக்கு விரைவோர், பொருள் விநியோக வான்கள், மின்சைக்கிள்கள் யாவும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. தெற்கே பார்கிங் ரோட் சந்திப்பில் லொறிகளும் சேர்ந்துகொள்கின்றன. இங்கே ஆபத்துக்கு மிகுதியாக உள்ளாகிறவர் காருக்குள் இருப்பவர் அல்லர், வெளியே நடப்பவர்.

இலண்டன் முழுமைக்கும் இதுவே உண்மை. வீதி மோதல்களில் இறப்போரிலும் படுகாயமடைவோரிலும் பத்தில் எண்மர் அளவினர் நடந்தோ, சைக்கிளிலோ, மோட்டார் சைக்கிளிலோ சென்றவர்கள். கிரேட் பிரிட்டன் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலை வேறு. 2023இல் வீதிகளில் இறந்த 1,624 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் காரில் பயணித்தவர்கள். ஏறக்குறைய நால்வரில் ஒருவர் பாதசாரி. ஆகவே, “நாடு முழுவதும் இத்தனை விழுக்காடு” என்று சொல்லப்படும் கணிப்பு நம் வீதிக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. எந்தக் கணிப்பைக் கண்டாலும், அது யாரைக் காப்பது பற்றியது என்பதே முதல் வினாவாக இருக்க வேண்டும்.

கணிப்பு ஒரு பெருக்கற்கணக்கு

வாகனப் பாதுகாப்புக் கணிப்புகளின் உள்ளமைப்பு எளிமையானது. அவற்றுள் பெரும்பாலானவை ஐந்து எண்களை ஒன்றோடொன்று பெருக்கிப் பெறப்படுவன.

முதலாவது, இலக்கு. நிகழும் மோதல்களில் எத்தனை பங்கு இத்தொழில்நுட்பம் தடுக்கக்கூடிய வகையைச் சேர்ந்தவை? முன்னே செல்லும் வாகனத்தில் மோதுவதைத் தடுக்கும் கருவி, பக்கவாட்டில் நிகழும் மோதலைத் தடுக்காது.

இரண்டாவது, பயனளவு. அந்த வகை மோதல்களில் எத்தனை பங்கை அது உண்மையில் தடுக்கிறது?

மூன்றாவது, பரவல். வீதியில் ஓடும் வாகனங்களில் எத்தனை பங்கில் அது பொருத்தப்பட்டுள்ளது?

நான்காவது, இயக்கம். பொருத்தப்பட்டவற்றுள் எத்தனை, பழுதின்றியும் அணைக்கப்படாமலும் வேலை செய்கின்றன?

ஐந்தாவது, மனிதரின் மறுவினை. கருவி வந்தபின் ஓட்டுநரின் நடத்தை மாறுகிறதா? மாறுமாயின் பயன் கூடுமா, குறையுமா?

ஒரு கற்பனை நகரத்தைக் கொண்டு இதனைச் செய்து பார்ப்போம். அந்நகரில் ஆண்டுக்கு 1,000 பேர் வீதியில் காயமடைகின்றனர் என்க. தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு தடுக்கக்கூடிய மோதல்களில் காயமடைவோர் அவர்களில் 40 விழுக்காட்டினர். அதாவது 400 பேர். அமைப்பின் பயனளவு 50 விழுக்காடு. எனவே 200 பேர். நூறு வாகனங்களில் 30இல் மட்டுமே அது உண்டு. எனவே 60 பேர். அவற்றுள் 90 விழுக்காடு சரியாக இயங்குகின்றன. எனவே 54 பேர். ஓட்டுநரின் நடத்தை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், இறுதி விடை 54.

விளம்பரம் “பாதியாகக் குறைக்கும்” என்று சொன்னது. நகரம் கண்ட குறைவோ ஆயிரத்தில் 54. நூற்றுக்கு ஐந்தரைக்கும் சற்றுக் குறைவு. இரண்டில் எதுவும் பொய்யன்று. விளம்பரம் இரண்டாவது எண்ணை மட்டும் சொன்னது. மற்ற நான்கையும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கு மூன்றாவது எண் நம் கவனத்துக்குரியது. பிரிட்டனில் ஓடும் கார்களின் சராசரி வயது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல். இன்று புதிய கார்கள் அனைத்திலும் ஒரு கருவி கட்டாயமாக்கப்பட்டாலும், அது பெரும்பாலான கார்களைச் சென்றடைய பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். பழைய கார் ஓடும் வீதியில் நடப்பவரை நாளை வரவுள்ள காரின் கருவி காக்காது. அதனாலேயே வேகக் குறைப்பு மேடும், பாதசாரிக் கடவையும், ஒளிமிக்க தெருவிளக்கும் இன்றும் தேவைப்படுகின்றன.

இரண்டு கருவிகளின் பயனைக் கூட்டலாமா?

கூட்டக் கூடாது. ஒரே வகை மோதல்களை ஒரு கருவி 50 விழுக்காடும் மற்றொன்று 30 விழுக்காடும் குறைக்கும் எனில், இரண்டும் சேர்ந்து 80 விழுக்காடு குறைத்துவிடா. முதலாவது பாதியைத் தடுத்தபின் எஞ்சுவது 50. அதில் 30 விழுக்காட்டை, அதாவது 15ஐ, இரண்டாவது தடுக்கிறது. மொத்தம் 65. ஒருமுறை காக்கப்பட்ட உயிரை இரண்டாம் முறை கணக்கில் சேர்த்தல் ஆகாது. பல கருவிகளின் பட்டியலைத் தந்து பெரியதொரு மொத்தத்தைச் சொல்லும் அறிக்கையைக் காணும்போது இதனை நினைவிற்கொள்க.

வேகமும் தூரமும்

பயனளவை அறிய ஆய்வாளர் கையாளும் வழிகளுள் ஒன்று இயற்பியல். பிரிட்டனின் வீதி விதிக்கோவையான ஹைவே கோட், நிறுத்தும் தூரங்களைப் பட்டியலிடுகிறது. மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓட்டுநர் ஆபத்தை உணர்வதற்குள் கார் 6 மீட்டர் செல்லும். பிரேக் பிடித்தபின் மேலும் 6 மீட்டர். ஆக 12 மீட்டர். 30 மைல் வேகத்தில் 9 மீட்டரும் 14 மீட்டரும் சேர்ந்து 23 மீட்டர்.

இப்போது, 12 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை வீதியில் இறங்குகிறது என்க. 20 மைல் வேகத்தில் வந்த கார் அவ்விடத்தில் நின்றுவிடும். 30 மைல் வேகத்தில் வந்த கார் எந்த வேகத்தில் குழந்தையை அடையும்? பத்து மைல் என்று பலர் விடையளிப்பர். கணக்கு வேறு சொல்கிறது. முதல் 9 மீட்டர் உணர்வதிலேயே கழிகிறது. பிரேக் பிடித்தபின் எஞ்சுவது 3 மீட்டர் மட்டுமே. காரை நிறுத்தத் தேவைப்படும் 14 மீட்டரில் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அந்த இடத்தில் காரின் வேகம் இன்னும் மணிக்கு 26 மைலுக்கு மேல் இருக்கும்.

தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு எங்கே உதவுகிறது என்பதும் இதனால் விளங்கும். ஓட்டுநர் உணர்வதில் கழியும் அந்த 9 மீட்டரை அது சுருக்குகிறது. வேக வரம்பைக் காட்டி உதவும் அமைப்போ, தொடக்க வேகத்தையே குறைக்கிறது.

சுவீடனின் யோரான் நில்சன் என்ற ஆய்வாளர் இத்தொடர்பை ஒரு விதியாக எழுதினார். ஒரு வீதியின் சராசரி வேகம் மாறும்போது, உயிரிழப்பு ஏற்படுத்தும் மோதல்களின் எண்ணிக்கை அவ்வேக விகிதத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி மாறும் என்பது அவ்விதி. சராசரி வேகம் 5 விழுக்காடு குறைந்தால், 0.95ஐ நான்கு முறை தன்னோடு பெருக்குங்கள்; விடை ஏறத்தாழ 0.81. அதாவது, உயிர் குடிக்கும் மோதல்கள் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும்.

இத்தகைய தொடர்புகளைக் கொண்டு லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒலிவர் கார்ஸ்டனும் அவருடைய சக ஆய்வாளரும் 2005இல் ஒரு கணிப்பை வெளியிட்டனர். எல்லா வாகனங்களும் வேக வரம்பை மீற முடியாதபடி கட்டுப்படுத்தப்பட்டால், எளிய அமைப்பு உயிரிழப்பு மோதல்களை 37 விழுக்காடும், வானிலைக்கும் வீதி நிலைமைக்கும் ஏற்ப வரம்பை மாற்றும் அமைப்பு 59 விழுக்காடும் குறைக்கும் என்பது அவர்களின் முடிவு. இங்கே “எல்லா வாகனங்களும்”, “மீற முடியாதபடி” என்ற இரு நிபந்தனைகளைக் கவனியுங்கள். இன்று புதிய கார்களில் வரும் அமைப்பை, ஓட்டுநர் வேகமிதியைச் சற்று அழுத்தி மீறலாம். பயணந்தோறும் அணைத்தும் விடலாம். அத்தகைய அமைப்புக்கு 37 என்ற எண்ணை எடுத்துச் சொல்வது முறையன்று.

கணிப்பும் விளைவும்: 1983ஆம் ஆண்டின் பாடம்

ஒரு கணிப்பு பின்னர் உண்மையோடு ஒப்பிடப்பட்ட சிறந்த எடுத்துக்காட்டு இந்நாட்டிலேயே உண்டு. அது ஆசனப்பட்டிச் சட்டம்.

வால்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை ஆசனப்பட்டி 1959இல் அறிமுகமாயிற்று. பிரிட்டனில் கார்களில் பட்டி இருந்தும், 1980களின் தொடக்கத்தில் முன் ஆசனத்தில் இருந்தோரில் பத்தில் நால்வர் அளவினரே அதனை அணிந்தனர். நம் ஐந்து எண்களில் மூன்றாவது உயர்ந்திருந்தும் நான்காவது தாழ்ந்திருந்த நிலை அது. 1981ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின் வழியே முன் ஆசனத்தில் பட்டி அணிவது கட்டாயமாக்கப்பட்டு, 1983 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 1,000 உயிர்கள் காக்கப்படும், 10,000 படுகாயங்கள் தவிர்க்கப்படும் என்று ஆதரவாளர்கள் கூறினர். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஜான் ஆடம்ஸ் இதனை மறுத்தார். பாதுகாப்பாக உணரும் ஓட்டுநர் சற்று வேகமாக ஓட்டுவார். ஆபத்து காருக்குள்ளிருந்து வெளியே நடப்பவர்மேல் இடம்பெயரும் என்பது அவருடைய வாதம்.

பாராளுமன்றம் விவேகமான ஒரு வழியைக் கைக்கொண்டது. சட்டம் முதலில் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் விளைவை ஆராய்ந்து நீடிப்பதா எனத் தீர்மானிக்கலாம். அவ்வாய்வை மேற்கொண்டோர் இலண்டன் பொருளியல் கல்லூரியின் புள்ளியியலாளர்களான ஜேம்ஸ் டர்பினும் ஆண்ட்ரூ ஹார்வியும். சட்டத்துக்கு முன்னரான பல ஆண்டுகளின் மாதாந்த எண்ணிக்கைகளிலிருந்து, சட்டமே வராதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை முதலில் கணித்தனர். பின்னர் அதனை நிகழ்ந்ததோடு ஒப்பிட்டனர். இறந்த கார் ஓட்டுநர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 18 விழுக்காடும், முன் ஆசனப் பயணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 25 விழுக்காடும் குறைந்திருந்தன. பட்டி அணிவோர் பத்தில் ஒன்பதுக்கும் மேலாக உயர்ந்திருந்தனர். 1986இல் பாராளுமன்றம் சட்டத்தை நிரந்தரமாக்கியது.

ஆயினும் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. பின் ஆசனப் பயணிகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டிகள் ஆகியோரிடையே இறப்பு, எதிர்பார்த்த அளவைவிடக் கூடியிருந்தது. அதற்குக் காரணம் ஆடம்ஸ் சொன்ன நடத்தை மாற்றமா, வேறு காரணங்களா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு தொடர்ந்தது. 1983இல் மது அருந்தி ஓட்டுவோரைச் சோதிக்கும் முறையும் மாறியது. ஒரே காலத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தால் விளைவைப் பிரித்தறிதல் கடினம். நாடு முழுவதிலும் வீதி இறப்புகள் 1982இல் 5,934 ஆகவும் 1983இல் 5,445 ஆகவும் பதிவாயின. குறைவு உண்மையானது, ஆனால் ஆயிரம் அன்று.

இந்த வரலாறு இரண்டைக் கற்பிக்கிறது. சட்டம் நன்மை செய்தது. ஆசனப்பட்டி அணிவதில் எவருக்கும் ஐயம் வேண்டியதில்லை. அதே வேளையில், காருக்குள் இருப்பவரைக் காக்கும் கருவியின் கணக்கில் காருக்கு வெளியே இருப்பவரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நடத்தை மாற்றத்துக்கு மற்றொரு சான்று ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்சிகளிடமிருந்து கிடைத்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, ஒரு நிறுவனத்தின் டாக்சிகளில் பாதியளவில் பொருத்தப்பட்டிருந்தது. இரு பிரிவுகளின் விபத்து விகிதங்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஏ.பி.எஸ். உள்ள டாக்சிகளை ஓட்டியோர் வளைவுகளில் கூடுதல் துணிவோடும் முன்வாகனத்துக்கு மிக நெருக்கமாகவும் ஓட்டியதை ஆய்வாளர் பதிவு செய்தனர். கருவி நன்றாக வேலை செய்தது. அதன் பயனை ஓட்டுநர்கள் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டனர்.

இலண்டனின் பேருந்துகளும் லொறிகளும்

2018இல் இலண்டன் மேயர் அறிவித்த விஷன் ஸீரோ திட்டத்தின்படி, 2041க்குள் நகரின் போக்குவரத்தில் உயிரிழப்பும் படுகாயமும் முற்றாக ஒழிய வேண்டும். பேருந்துகளால் எவரும் இறவாத நிலையை 2030க்குள் எட்டவேண்டும். டி.எஃப்.எல். என்று நாம் அறியும் இலண்டன் போக்குவரத்து நிறுவனம், இதற்கெனப் பேருந்துப் பாதுகாப்புத் தரம் ஒன்றை அதே ஆண்டில் வெளியிட்டது. எந்தக் கருவி எத்தனை பேரைக் காக்கும், என்ன செலவாகும் என்ற கணிப்புகளை டி.ஆர்.எல். என்னும் போக்குவரத்து ஆய்வுக்கூடம் செய்தளித்தது.

கிரீன் ஸ்ட்ரீட்டிலும் பார்கிங் ரோட்டிலும் ஓடும் 58, 104, 115 போன்ற தடங்களின் பேருந்துகளும் இந்த ஏற்பாட்டின் கீழ் வருவனவே. வேக வரம்பை மீறவிடாத அமைப்பு 2015இல் 19, 486 ஆகிய தடங்களில் சோதிக்கப்பட்டு, 20 மைல் வரம்புள்ள வீதிகளில் சிறப்பாகப் பயன்தருவதாக அறியப்பட்டபின், புதிய பேருந்துகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மின்பேருந்துகள் ஓசையின்றி வருவதால் பார்வைக் குறைபாடு உடையோருக்கு ஏற்படும் ஆபத்தைக் குறைக்க, எச்சரிக்கை ஒலி சேர்க்கப்பட்டது. 2020இல் 100ஆம் தடத்தில் அது முதலில் சோதிக்கப்பட்டது.

நம் ஐந்து எண்களைக் கொண்டு நோக்கினால் பேருந்தின் சிறப்பு விளங்கும். டி.எஃப்.எல். ஒப்பந்தத்தில் எழுதினால் பேருந்து நிறுவனங்கள் பொருத்தியே ஆகவேண்டும். ஆகவே பரவல் விரைவானது. ஓட்டுநர் அணைக்க முடியாது. ஆகவே இயக்கம் உறுதியானது. இதே கருவி தனியார் காரில் இருப்பதைவிடப் பேருந்தில் கணிப்புக்கு நெருங்கிய விளைவைத் தருவதற்கு இவையே காரணம்.

ஆனால் பேருந்தில் கழிக்கவேண்டிய எண்ணும் ஒன்று உண்டு. பேருந்துகளில் காயமடைவோரில் பெருந்தொகையானோர் உள்ளே தடுமாறி விழுந்தவர்கள். தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு வெளியே ஒரு பாதசாரியைக் காக்கும் அதே நொடியில், உள்ளே நிற்கும் முதியவரைக் கீழே தள்ளக்கூடும். தேவையற்ற வேளையில் அது பிரேக் பிடித்தால் தீமை மட்டுமே மிஞ்சும். ஆகவே பேருந்துக்கான கணிப்பில், காக்கப்படுவோரிலிருந்து இவ்வாறு பாதிக்கப்படுவோரைக் கழித்த பின்னரே விடை சொல்லப்பட வேண்டும்.

லொறிகளுக்கு நேரடிப் பார்வைத் தரம் என்ற ஏற்பாடு உள்ளது. 12 டன்னுக்கு மேற்பட்ட லொறியின் ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து கண்ணாடிகளின் துணையின்றி எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதற்கு 0 முதல் 5 வரை நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. 2021 மார்ச் முதல், அனுமதி இல்லாத லொறி இலண்டனுக்குள் ஓடினால் தண்டம் உண்டு. 2024 அக்டோபர் 28இல் குறைந்தபட்சத் தேவை ஒன்றிலிருந்து மூன்று நட்சத்திரங்களாக உயர்த்தப்பட்டது. அதனை எட்டாத லொறிகள், அருகில் நிற்பவரை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும்.

ஓரிடத்து எண் வேறிடத்துக்குப் பொருந்துமா?

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, குறைந்த வேகத்தில் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு, முன்வாகனத்தில் பின்னிருந்து மோதும் விபத்துகளை 38 விழுக்காடு குறைத்ததாகக் கண்டது. இது காருக்கும் காருக்கும் இடையிலான மோதல். பாதசாரிகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில் குறைவு 27 விழுக்காடு. அதிலும், தெருவிளக்கு இல்லாத இருண்ட வீதிகளில் அமைப்பு உள்ள கார்களுக்கும் இல்லாதவற்றுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. காமராவுக்கும் வெளிச்சம் வேண்டும். நம் தெருவில் ஒரு விளக்கு எரியாதிருந்தால், அதனை நகரசபைக்கு அறிவிப்பதும் இத்தொழில்நுட்பத்தின் பயனளவைக் காப்பதாகும்.

தாயகத்தில் உறவினருக்குக் கார் வாங்கிக் கொடுக்க எண்ணுவோரும் இதனைக் கருதவேண்டும். இந்தியாவில் 2022இல் வீதிகளில் இறந்தோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அங்கே இலக்கு என்னும் முதல் எண்ணே வேறு. காரின் காற்றுப்பையைவிடத் தலைக்கவசமும், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். அமைப்பும் அங்கே பெரிய இலக்கைத் தொடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய பொதுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வாகனங்களிலும் இத்தகைய பல கருவிகளைக் கட்டாயமாக்கியது. 2038க்குள் 25,000க்கும் மேற்பட்ட உயிர்களும் குறைந்தது 1,40,000 படுகாயங்களும் தவிர்க்கப்படும் என்பது ஒன்றியத்தின் கணிப்பு. ஒன்றியத்திலிருந்து விலகிய கிரேட் பிரிட்டனின் கணக்கு அந்த எண்ணில் அடங்காது.

சிறிய எண்களில் எச்சரிக்கை

இலண்டன் வீதிகளில் 2023இல் 95 பேரும் 2024இல் 110 பேரும் இறந்தனர். ஓராண்டில் வீதிகள் திடீரென ஆபத்தாகிவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? சிறிய எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும் இயல்புடையன. ஒரே ஒரு சந்திப்பை எடுத்துக்கொண்டால் இது இன்னும் மிகுதி. ஓராண்டில் மூன்று மோதல்களும் மறு ஆண்டில் ஒன்றும் நிகழ்ந்தால், இடையில் வைத்த பலகைதான் காரணம் என்று உறுதிகூற இயலாது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்ப்பதும், மாற்றம் செய்யப்படாத ஒத்த இடத்தோடு ஒப்பிடுவதும் முறை. மேலும், அரசின் தரவு பொலிஸார் பதிவு செய்யும் காய மோதல்களை அடிப்படையாகக் கொண்டது. எவரும் முறையிடாத மோதல் எந்தக் கணிப்பிலும் இடம்பெறாது. ஆகவே, நீங்கள் அடிபட்டால் காயம் சிறிதாயினும் பொலிஸாரிடம் அறிவியுங்கள்.

பயிற்சி

ஒரு கற்பனை நகரில் ஆண்டுக்கு 400 பேர் காயமடைகின்றனர். அவர்களில் 30 விழுக்காட்டினர் காரின் முன்புறம் மோதிய பாதசாரிகள். பாதசாரியை உணர்ந்து பிரேக் பிடிக்கும் அமைப்பின் பயனளவு 25 விழுக்காடு. அது 40 விழுக்காடு கார்களில் உள்ளது. அவற்றுள் 95 விழுக்காடு இயங்குகின்றன. நடத்தை மாற்றம் இல்லை. எத்தனை பேர் காக்கப்படுவர்? பரவல் 80 விழுக்காடானால் விடை என்ன? விடைகள் கட்டுரையின் இறுதியில் உள்ளன.

நம் கையில் உள்ளவை

ஐந்து எண்களில் இலக்கையும் பயனளவையும் பொறியியலாளரும் ஆய்வாளரும் தீர்மானிக்கின்றனர். எஞ்சியவற்றில் நமக்கும் பங்குண்டு.

பழைய கார் வாங்கும்போது யூரோ என்கேப் அமைப்பின் நட்சத்திரங்களோடு, அவை எந்த ஆண்டில் வழங்கப்பட்டன என்பதையும் பாருங்கள். சோதனைகள் காலந்தோறும் கடுமையாகி வருவதால், 2010இன் ஐந்து நட்சத்திரங்களும் 2020இன் ஐந்து நட்சத்திரங்களும் சமமல்ல. பாதசாரிகளுக்கான மதிப்பெண் தனியே தரப்பட்டிருக்கும், அதனையும் படியுங்கள்.

முன்கண்ணாடியை மாற்றினால், அதன் பின்னுள்ள காமராவை மீண்டும் அளவமைக்க வேண்டுமா என்று பழுதுபார்ப்போரிடம் கேளுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த எம்.ஓ.டி. சோதனை வரை காத்திராதீர்கள்.

கருவி உள்ளது என்பதால் சட்டப் பொறுப்பு நீங்குவதில்லை. உதவிக் கருவிகள் உள்ள காரை ஓட்டுபவரே, கவனமாக ஓட்டும் கடமைக்கு முழுவதும் உட்பட்டவர். 14 வயதுக்கு உட்பட்ட பயணி ஆசனப்பட்டி அணிவதற்கும் ஓட்டுநரே பொறுப்பாவார். குழந்தைகள் 12 வயதை அல்லது 135 சென்டிமீட்டர் உயரத்தை, எது முன்னரோ அதனை, எட்டும்வரை உரிய சிறுவர் ஆசனத்தில் அமர வேண்டும்.

உள்ளூராட்சி மன்றத்துக்கும் கடமை உண்டு. 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், 39ஆம் பிரிவின்படி, தன் எல்லைக்குள் நிகழும் வாகன விபத்துகளை ஆராய்ந்து, அவற்றைத் தடுக்க உரிய நடவடிக்கைகளை அது மேற்கொள்ள வேண்டும். உங்கள் தெருவின் மோதல் விவரங்களை, தகவல் சுதந்திரச் சட்டம் 2000இன் கீழ் எழுத்துமூலம் கேட்கலாம். பொதுவாக 20 வேலைநாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். வீதித் திட்டம் பற்றிய கருத்துக்கேட்பு வரும்போது, “எத்தனை விழுக்காடு குறையும்?” என்பதோடு நிறுத்தாமல், “யாருக்குக் குறையும், எந்த ஆண்டுக்குள், எந்த எண்களைப் பெருக்கி இந்த விடை வந்தது?” என்றும் கேளுங்கள். தமிழில் எழுதிக் கேட்கவும் தயங்க வேண்டாம்.

பயிற்சியின் விடைகள்: 400இல் 30 விழுக்காடு 120, அதில் 25 விழுக்காடு 30, அதில் 40 விழுக்காடு 12, அதில் 95 விழுக்காடு 11.4. ஆகவே ஏறத்தாழ 11 பேர். பரவல் 80 விழுக்காடானால் 22.8, ஏறத்தாழ 23 பேர்.